வீடு கட்டும்போது எதைப் புதிதாக யோசிக்கத் தேவையில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை, வத்தளைப் பக்கம் ஆறு பேர்ச், எட்டு பேர்ச் காணிகளில் (ஒரு பேர்ச் என்பது சுமார் 272 சதுர அடி) வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் கீறிக் கொடுப்பது என் வேலை. வருகிறவர்கள் போன் நிறையப் படங்களோடு வந்து "இதைக் கொஞ்சம் வித்தியாசமாகச் செய்யலாமா?" என்று கேட்பார்கள். பல இடங்களில் என் பதில் "வேண்டாம், வழமையானதே போதும்" என்பதுதான். ஏன் அப்படிச் சொல்கிறேன், எந்த இடத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். ஆளுக்கு ஆள் போனில் விளக்குவதைவிட இது நல்லது.

வழமையான டிசைன் என்றால் எல்லாரும் செய்வதையே செய்வதா?

இல்லை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் பாதிப் பிரச்சினை வருகிறது. ஒரு படிக்கட்டின் அளவு, ஒரு செங்கல்லின் அளவு, ஒரு பிளக்கின் அமைப்பு போன்றவை பலர் பல காலம் பாவித்து, விழுந்து, எரிந்து, திருத்தி, கடைசியில் இதுதான் சரி என்று வந்து நின்றவை. அவற்றுக்குப் பின்னால் காரணம் இருக்கிறது, கேட்டால் சொல்ல முடியும்.

பாஸ், அதாவது தலைமைக் கொத்தனார், "எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்று சொல்வது வேறு விஷயம். அது வெறும் பழக்கமாகவும் இருக்கலாம். "பிறகு மேல் மாடி போடலாம்" என்று தூண் கம்பிகளை வானத்தைப் பார்க்க விட்டு வைப்பதைக் கொழும்பில் எந்த ஒழுங்கைக்குள் போனாலும் பார்க்கலாம். பத்து வருடம் கடல் காற்றிலும் மழையிலும் நின்ற கம்பியின் துரு கொங்கிரீட்டுக்கு உள்ளேயும் இறங்கத் தொடங்கும், அப்போது அந்தத் தூணில் மாடி ஏற்ற எந்தப் பொறியியலாளரும் யோசிப்பார். எல்லாரும் செய்கிறார்கள், ஆனால் பிழை. கம்பியை விடத்தான் வேண்டுமென்றால் துருத்தடுப்புப் பூச்சுப் பூசி, மெல்லிய கொங்கிரீட்டால் மூடி வையுங்கள், தேவைப்படும் நாளில் உடைத்து எடுக்கலாம்.

ஆகவே "இது ஏன் இப்படி?" என்று கேளுங்கள். காரணத்தோடு பதில் வந்தால் அது நிலைத்த டிசைன். "அப்படித்தான்" என்று மட்டும் பதில் வந்தால் இன்னொருவரிடம் கேளுங்கள்.

படிக்கட்டு எங்கள் வீட்டின் முகம். அதைக் கொஞ்சம் வித்தியாசமாகச் செய்தால் என்ன?

இந்தக் கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்கிறேன். ஒரு வீட்டில் ஆட்களை விழுத்துகிற முதல் இடங்களில் ஒன்று இது.

மனிதக் கால் முதல் இரண்டு மூன்று படிகளிலேயே உயரத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு நாம் படியைப் பார்ப்பதில்லை, கால் தானாக நடக்கும். அதனால் படி ஆறரை அங்குலமா ஏழு அங்குலமா என்பதைவிட, எல்லாப் படியும் ஒரே உயரமாக இருப்பதுதான் பெரிய விஷயம். அரை அங்குல வித்தியாசமே ஆளைத் தடுக்கி விழுத்தப் போதும். அளவுக்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. பிரான்சுவா புளோண்டெல் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் 17ஆம் நூற்றாண்டிலேயே மனிதன் எடுத்து வைக்கும் அடியின் நீளத்தை வைத்து, இரண்டு படி உயரத்தையும் கால் வைக்கும் ஒரு மிதியின் அகலத்தையும் கூட்டினால் 24 அங்குலம் வரவேண்டும் என்று எழுதினார். அவருடைய அங்குலம் நம்முடையதைவிடச் சற்றுப் பெரியது, ஆனால் கணக்கின் எலும்புக்கூடு இன்றைக்கும் அதேதான்.

நம் வீட்டுக்குப் போட்டுப் பாருங்கள். தளத்துக்குத் தளம் 10 அடி, அதாவது 120 அங்குலம். 18 ஏற்றமாக, அதாவது 18 படி உயரமாகப் பிரித்தால் ஒன்று 6.67 அங்குலம். மிதி பத்தரை அங்குலம். இரண்டு ஏற்றமும் ஒரு மிதியும் கிட்டத்தட்ட 24 அங்குலம். நடுவில் திரும்பும் படியாக ஒன்பது ஒன்பதாகப் பிரித்தால் ஒவ்வொரு பக்கமும் எட்டு மிதி, அதாவது 7 அடி. திரும்பும் மேடைக்கு 3 அடி சேர்த்தால் 10 அடி நீளமும் ஆறேகால் அடி அகலமும் உள்ள இடத்தில் முழுப் படிக்கட்டும் முடிந்துவிடும். ஆறு பேர்ச் காணிக்கும் இது பொருந்தும், எண்பது வயது ஆச்சியும் ஏறுவார், அலுமாரியையும் ஏற்றலாம். இதில் புதிதாகக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

யோசனையைச் செலவழிக்கவேண்டிய இடம் வேறு. கொங்கிரீட் போடும்போது தளத்துக்கு இன்னும் டைல் வந்திருக்காது. பிறகு மேல் தளத்தில் கலவையும் டைலும் சேர்ந்து இரண்டு அங்குலம் ஏறும், படிகளில் ஒரு அங்குலம்தான் ஏறும். விளைவு, கடைசிப் படி மற்றவற்றைவிட ஒரு அங்குலம் உயரம். கீழ்த் தளத்திலும் அதே கதை தலைகீழாக நடக்கும், முதல் படி ஒரு அங்குலம் குட்டையாகிவிடும். வீடு குடிபூரல் முடிந்த பிறகு "மேல் படியில் எல்லாரும் தடுக்குகிறார்கள்" என்பார்கள், காரணம் இதுதான். படிக்குப் பலகை அடிக்கும் முன்பே டைலின் தடிப்பும் கலவையின் தடிப்பும் என்னவென்று முடிவெடுத்து, பூச்சு முடிந்த உயரத்திலிருந்து பூச்சு முடிந்த உயரத்துக்கு அளந்து பிரிக்கச் சொல்லுங்கள்.

கைப்பிடி இல்லாமல், சுவரிலிருந்து மிதப்பது போல ஒரு படிக்கட்டுப் படம் பார்த்தேன். அது நம்மூரில் முடியாதா?

முடியும். ஒவ்வொரு பலகையையும் தாங்கும் இரும்பைச் சுவருக்குள் சரியாகப் பொருத்தினால் நிற்கும். செலவு கூட, அதையும் விடுவோம். நான் கேட்பது, அந்தப் படத்தில் யார் நடக்கிறார்கள்? பெரும்பாலும் ஒருவரும் இல்லை. உங்கள் வீட்டில் அம்மம்மா ஏறுவார், தைப்பொங்கலுக்கு வரும் பேரப்பிள்ளைகள் ஓடுவார்கள், ஒருவர் உடுப்புக் கூடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்குவார். கைப்பிடி வேண்டும், அதன் கம்பிகளுக்கு இடையில் நான்கு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது, குழந்தையின் தலை போகக்கூடாது என்பதற்காக வந்த அளவு அது. அழகு வேண்டுமென்றால் மரத்தைத் தெரிவு செய்யுங்கள், படிக்கு மேலே ஒரு யன்னல் வைத்து வெளிச்சத்தை விழவையுங்கள். அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடலாம்.

படிகள் ஒற்றைப்படையில் முடியவேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். என்ன செய்வது?

நம்பிக்கை உங்களுடையது, அதில் நான் தலையிடுவதில்லை. 19 ஆகப் பிரியுங்கள், ஒன்று 6.3 அங்குலம் வரும், ஏற இன்னும் சுகம். 17 ஆகப் பிரித்தால் ஏழு அங்குலம் தாண்டும், வயதானவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். கடைசியில் ஒரு அரைப் படியைச் செருகி எண்ணிக்கையைச் சரிக்கட்ட மட்டும் விடாதீர்கள்.

சரி, எங்கே மாற்றலாம், எங்கே மாற்றக்கூடாது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நான் பார்ப்பது இதைத்தான். அந்த வழமையான டிசைன் எதை மனதில் வைத்து உருவானது? அந்த எடுகோள் என் இடத்தில், என் வீட்டு ஆட்களுக்குப் பொருந்துகிறதா? பொருந்தினால் கைவைக்கத் தேவையில்லை. பொருந்தாவிட்டால் கட்டாயம் கைவைக்கவேண்டும், அங்கே "வழமை இதுதான்" என்று பிடிவாதம் பிடிப்பது பிழை.

மலக்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். குழியில் தெளிந்த நீர் பக்கத்து ஊறுகுழிக்குப் போய், அங்கிருந்து மண்ணுக்குள் இறங்கும், அதுதான் வழமை. இதில் ஒரு எடுகோள் ஒளிந்திருக்கிறது: மண் தண்ணீரைக் குடிக்கும். 2016 மே மாத வெள்ளத்தில் மூழ்கிய கொலன்னாவை, வெல்லம்பிட்டி போன்ற தாழ்ந்த இடங்களில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் காலுக்குக் கீழேயே நிற்கும், மண் ஏற்கெனவே நிறைந்துபோயிருக்கும், அங்கே வழமையான ஊறுகுழி வேலை செய்யாது. கழிவறை நிரம்பி வழியும், இல்லையென்றால் கிணற்றுக்குள் போகும். அந்தக் காணிக்குக் கட்டாயம் வேறு வழி யோசிக்கவேண்டும். ஊறுகுழியை நிலமட்டத்துக்கு மேலே உயர்த்தி அமைக்கலாம், வீதியில் பொதுக் கழிவுக் குழாய் போனால் அதில் சேர்க்கலாம். அதேவேளை மேட்டு நிலத்தில், நல்ல மண்ணில் வீடு கட்டுகிறவர் யாரோ விற்கும் புதுவகைத் தாங்கிக்கு இரண்டு மடங்கு காசு கொடுக்க ஒரு காரணமும் இல்லை.

கடற்கரைப் பக்கமும் இப்படித்தான். மெரைன் டிரைவ் ஓரத்தில் பல்கனிக் கம்பிக்குச் சாதாரண 304 ரகத் துருப்பிடிக்காத உருக்கைப் போட்டால் கொஞ்சக் காலத்திலேயே தேயிலைச் சாயம் போலப் புள்ளி விழும். 316 ரகத்தில் 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் கலந்திருப்பதால் உப்புக் காற்றை நன்றாகத் தாங்கும். கடலிலிருந்து தள்ளி இருக்கும் நுகேகொடையில் 304 போதும், வெள்ளவத்தைக் கடற்கரையில் போதாது. டிசைன் ஒன்றுதான், இடம் மாறியதால் பொருள் மாறவேண்டியிருக்கிறது.

பிள்ளை, எங்களுக்கு வயது போகுது. எங்களுக்கென்று எதையாவது மாற்றவேணுமா?

கட்டாயம், ஐயா. முதலில் பாத்ரூம் கதவு. வழமையாக அது உள்ளே திறக்கும், அகலமும் இரண்டரை அடி, சில இடங்களில் இன்னும் குறைவு. உள்ளே ஒருவர் வழுக்கி விழுந்தால் உடம்பு கதவுக்குக் குறுக்கே கிடக்கும், வெளியே நிற்பவர் தள்ளத் தள்ள அவரைத்தான் இடிக்கும். அதனால் வயதானவர்கள் இருக்கும் வீட்டில் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கவேண்டும், அல்லது பக்கவாட்டில் இழுபடவேண்டும், பூட்டை வெளியிலிருந்தும் ஒரு நாணயத்தால் திருப்பித் திறக்க முடியவேண்டும். நிலையை மூன்று அடி வையுங்கள், நாளைக்குச் சக்கர நாற்காலி வந்தாலும் போகும். வாசலில் சாய்தளம் வைப்பதானால் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். குளிக்கும் இடத்துச் சுவரில் கைப்பிடி வரும் இடங்களில் துளையுள்ள கல்லுக்குப் பதில் திடமான கல்லாக வைத்துக் கட்டச் சொல்லுங்கள், கைப்பிடியைப் பிறகு பூட்டிக்கொள்ளலாம்.

இவற்றை நான் மனதார மாற்றுவேன், ஏனென்றால் வழமைக் கதவு யாருக்காக உருவானதோ அந்த ஆள் இப்போது நீங்கள் இல்லை.

குசினி மேடையின் உயரமும், சுவரிலிருந்து முன்விளிம்பு வரையான ஆழமும் என் விருப்பமா?

உயரம் உங்கள் விருப்பம், ஆழம் இல்லை.

வெளிநாட்டுப் படங்களில் மேடை 36 அங்குல உயரம். ஐந்தடி உயரமுள்ள ஒருவர் அந்த மேடையில் வெங்காயம் வெட்டினால் தோள் தூக்கிக்கொண்டே நிற்கவேண்டும், ஒரு மாதத்தில் கழுத்து வலிக்கத் தொடங்கும். முழங்கையை மடித்து நின்று, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதிலிருந்து நான்கு முதல் ஆறு அங்குலத்தைக் கழியுங்கள். சமைக்கிறவர் யாரோ அவரை அளக்கவேண்டும், காசு கொடுப்பவரை அல்ல. எங்கள் பெண்கள் பலருக்கு 32, 33 அங்குலம் சரியாக வருகிறது. அடுப்பு மேடைக்கு மேலே வைக்கிறீர்களா, மேடைக்குள் இறக்குகிறீர்களா என்பதையும் சொல்லுங்கள், ஏனென்றால் மேலே வைத்தால் சட்டியின் விளிம்பு இன்னும் நான்கைந்து அங்குலம் ஏறும்.

ஆழம் 24 அங்குலத்தை ஒட்டியே இருக்கட்டும். கடையில் கிடைக்கும் அடுப்பு, சிங், அவன் எல்லாம் அந்த அளவுக்குத்தான் வருகின்றன. பலகை எட்டுக்கு நான்கு அடியில் வருகிறது, நீளவாட்டில் இரண்டாக அறுத்தால் வாளின் தடிப்புப் போக 24 அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவாக இரண்டு துண்டு கிடைக்கும். நீங்கள் 26 அங்குலம் கேட்டால் ஒரு பலகையில் ஒரு துண்டுதான், மீதி 22 அங்குலம் மூலையில் சாத்திக் கிடக்கும், அதற்கும் சேர்த்து நீங்கள்தான் காசு கட்டுகிறீர்கள். உடுப்பு அலுமாரிக்கும் இதே கணக்கு.

பழைய வீட்டில் வட்ட முள் பிளக்தான் இருக்கிறது. எல்லாம் வேலை செய்கிறதே, ஏன் மாற்றவேண்டும்?

பழைய கொழும்பு வீடுகளில் 5 அம்பியர், 15 அம்பியர் வட்ட முள் பொருத்திகள் இன்னும் இருக்கின்றன. இப்போது இலங்கையின் நியமம் 13 அம்பியர் சதுர முள். பிரித்தானியாவில் 1947இல் வெளிவந்த டிசைன் அது, அடிப்படை இன்றைக்கும் மாறவில்லை. பார்க்கப் பருமன்தான், ஆனால் கையில் எடுத்து ஒருமுறை கவனித்துப் பாருங்கள். மேலே உள்ள நில (எர்த்) முள் மற்ற இரண்டையும்விட நீளம். அது முதலில் உள்ளே போய்த்தான் மற்றத் துளைகளின் மூடியைத் திறக்கிறது. அதனால் குழந்தை கீழ்த் துளையில் கம்பியை விட்டாலும் மூடி தடுக்கும். கழற்றும்போது நிலத் தொடர்பு கடைசியாகத்தான் விடுபடும். உள்ளே பியூஸ் இருக்கிறது, மேசை விளக்குக்கு 3 அம்பியர், கேத்தலுக்கு 13 அம்பியர் என்று கருவிக்கு ஏற்பப் போடலாம். வயரை இழுத்தால் உள்ளே கடைசியாகக் கழலும்படி நில வயரைக் கொஞ்சம் நீளமாக விட்டுப் பூட்டுவார்கள்.

இவ்வளவையும் யாரோ உங்களுக்காக யோசித்து முடித்துவிட்டார்கள். நீங்கள் செய்யவேண்டியது அந்த மூன்றாவது முள்ளுக்கு உண்மையிலேயே நில வயர் இருக்கிறதா என்று பார்ப்பது, மின் கசிந்தால் தானே அணையும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் போடுவது, அதன் சோதனைப் பொத்தானை இடைக்கிடை அமத்திப் பார்ப்பது. மல்டி பிளக் ஒன்றில் வட்ட முள், தட்டை முள் எல்லாவற்றையும் ஏற்றி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதைக் கைவிடுங்கள்.

கூரை வெளியே தெரியாமல் பெட்டி போல வீடு கட்ட ஆசை. நீங்கள் ஏன் மறுக்கிறீர்கள்?

மறுக்கவில்லை, ஆனால் மழையைப் பற்றி முதலில் பேசவேண்டும். கொழும்பில் வருடத்துக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை, ஒக்டோபர் நவம்பரில்தான் வெளுத்து வாங்கும். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு மணித்தியாலத்தில் 50 மில்லிமீற்றர் பெய்தால் 4,600 லீற்றர் தண்ணீர். அது எங்காவது போகவேண்டும்.

சாய்ந்த கூரையும் வெளியே நீட்டிய இறவாரமும் இருந்தால், பீலி (கூரைத் தண்ணீரை ஏந்தும் வாய்க்கால்) இலையால் அடைத்தாலும் தண்ணீர் வெளியே முற்றத்தில்தான் கொட்டும். பெட்டி வீட்டில் சுவருக்குப் பின்னால் பீலியை ஒளித்து வைப்பார்கள். அது அடைத்தால் தண்ணீருக்கு உள்ளே வருவதைத் தவிர வழியில்லை, நீங்கள் அதைக் கண்டுபிடிப்பது படுக்கையறைச் சீலிங்கில் கறை வந்த பிறகுதான். பழைய டிசைனில் நான் மதிக்கிற விஷயம் இது: பழுதானாலும் ஆளுக்குத் தெரியும்படி, சேதம் குறைவாகப் பழுதாகும்.

அப்புறம் நுளம்பு. 2017இல் இந்த நாட்டில் 1,80,000க்கு மேற்பட்டவர்கள் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். கண்ணுக்குத் தெரியாத, ஏணி வைக்க முடியாத பீலியில் தேங்கும் நீரைச் சுகாதாரப் பரிசோதகர் கேட்டால் நீங்கள் என்ன காட்டுவீர்கள்?

ஒரு நியாயமான விதிவிலக்கு இருக்கிறது. நெருக்கமான காணியில் இறவாரத்தை மூன்று அடி நீட்டினால் பக்கத்து வீட்டுக்குள் போய்விடும், அங்கே மறைப்புச் சுவர் வைத்துத்தான் ஆகவேண்டும். அப்படியானால் பீலியை ஒரு ஆள் நடந்து போகும் அகலத்தில் வையுங்கள், இரண்டு இடத்தில் இறக்குகுழாய் கொடுங்கள், சுவரில் பீலியின் விளிம்பைவிடத் தாழ்வாக வெளியே துருத்தும் குழாய் ஒன்றை விடுங்கள். அடைப்பு வந்தால் அந்தக் குழாய் வெளியே ஊற்றிக் காட்டிக்கொடுக்கும்.

ஜெஃப்ரி பாவா எல்லாவற்றையும் புதிதாகச் செய்யவில்லையா?

இலங்கையின் பேர்பெற்ற கட்டடக் கலைஞரான பாவாவின் வேலைகளைப் போய்ப் பார்க்கும்போது என்னைப் பிடித்து நிறுத்துவது, பல இடங்களில் பாகங்கள் எவ்வளவு பழையவை என்பதுதான். ஓட்டுக் கூரை, மரத்தூண், திண்ணை, முற்றம். கொழும்பு பேரே வாவியில் அவர் அமைத்த சீமா மாலக்கை என்ற பௌத்த வழிபாட்டு இடத்தில் நிற்கும்போது தலைக்கு மேலே ஓட்டுக் கூரைதான் இருக்கிறது. நெளிதகட்டின் மேல் அரைவட்ட ஓடுகளை அடுக்குவதை அவர் ஒரு வழமையாகவே திரும்பத் திரும்பப் பாவித்தார், தகடு மழையைத் தடுக்கும், ஓடு வெயிலைத் தாங்கும். புதுமை எங்கே என்றால், முற்றம் எங்கே திறக்கவேண்டும், உள்ளே வருகிறவர் முதலில் எதைக் காணவேண்டும், நெருக்கமான கொழும்புக் காணியில் சுவருக்குள் எப்படி வானத்தைக் கொண்டுவருவது என்பதில். நடுவில் முற்றம் வைத்து நாலு பக்கமும் கட்டும் எங்கள் யாழ்ப்பாணத்து நாற்சார் வீடும் அதே கேள்விக்குத்தான் தன் வழியில் பதில் சொல்லியிருக்கிறது. பிறந்த ஊரில் நாற்சார் முற்றத்தில் வளர்ந்துவிட்டு இங்கே முழுக்க மூடிய பெட்டிக்குள் ஏசி போட்டு இருக்கவேண்டும் என்று யார் சொன்னார்கள்?

சிங்கின் கீழே வளைந்த குழாய் இடத்தை அடைக்கிறது. நேராகப் போட்டால் என்ன?

நாற்றம் வரும், கரப்பான் வரும். அந்த வளைவுக்குள் எப்போதும் இரண்டு அங்குலத் தண்ணீர் நின்று கழிவுக் குழாயின் வாயுவைத் தடுக்கிறது. 1775இல் அலெக்சாண்டர் கமிங் என்ற கடிகாரம் செய்பவர் கழிப்பறைக்கு இந்த வளைவைக் காப்புரிமை செய்தார், இன்றுவரை அதைவிட எளிதாக ஒன்று வரவில்லை. பாவிக்காத பாத்ரூமில் நாற்றம் வந்தால் பெரும்பாலும் தரை வளைவில் தண்ணீர் வற்றியிருக்கும், ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றினால் சரி.

எல்லாரும் பழசையே பிடித்துக்கொண்டிருந்தால் உலகம் எப்படி முன்னேறும்?

கோல்ஃபேஸ் பக்கம் நின்று துறைமுகத்தைப் பாருங்கள். அடுக்கி வைத்திருக்கும் கொள்கலன்கள் எல்லாம் எட்டடி அகலம், பெரும்பாலும் இருபது அல்லது நாற்பது அடி நீளம். 1956இல் மெல்கம் மெக்லீன் என்ற அமெரிக்கர் 58 பெட்டிகளை ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பியபோது அவருடைய பெட்டி ஒரு அளவு, மற்றக் கம்பெனிகள் வேறு வேறு அளவு. ஒருவர் பெட்டியை இன்னொருவர் பாரந்தூக்கி தூக்காது. 1960களில் சர்வதேச நியமம் பேசப்பட்டபோது, பெட்டியின் மூலையில் கொக்கி மாட்டும் அமைப்பின் காப்புரிமையை மெக்லீன் விட்டுக்கொடுத்தார். அளவும் மூலையும் நிலைத்த பிறகு ஒருவரும் பெட்டியைப் பற்றி யோசிக்கத் தேவைப்படவில்லை. கப்பல் பெரிதாகியது, பாரந்தூக்கி பெரிதாகியது, குளிரூட்டிய பெட்டி வந்தது, கொழும்புத் துறைமுகமே அதன்மேல் வளர்ந்தது. பெட்டியின் மூலை மட்டும் அப்படியே இருக்கிறது. முன்னேற்றம் நடந்தது, ஒவ்வொருவரும் தன் விருப்பத்துக்கு மூலையை மாற்றாததால் நடந்தது.

எல்லாம் வழமை என்றால் உங்களுக்கு எதற்குக் காசு?

நியாயமான கேள்வி. கதவின் அளவுக்காக எனக்குக் காசு தரவேண்டாம். உங்கள் காணியில் பின்னேர வெயில் எந்தச் சுவரில் அடிக்கிறது, காற்று எந்தப் பக்கத்தால் வந்து எந்தப் பக்கத்தால் போகும், பக்கத்து மாடியிலிருந்து உங்கள் குசினி தெரியாமல் எப்படி யன்னல் வைப்பது, ஆறு பேர்ச்சில் இரண்டு குடும்பம் ஒருவரை ஒருவர் இடிக்காமல் எப்படி இருப்பது, இவற்றுக்குக் கடையில் பதில் விற்பதில்லை. படிக்கட்டை அரை மணித்தியாலத்தில் முடித்தால்தான் இதற்கெல்லாம் எனக்கு நேரம் இருக்கும்.

நான் கட்டடக்கலை படிக்கிறேன். வழமையாகக் கீறினால் புள்ளி குறையும் என்று பயமாக இருக்கிறது.

தம்பி, தங்கச்சி யாராக இருந்தாலும் ஒன்று செய்து பாருங்கள். ஒரு சாதாரணப் படிக்கட்டை, ஒரு சாதாரண யன்னலை, ஒரு இறவாரத்தின் வெட்டுமுகத்தை ஒவ்வொரு ஆணியும் எங்கே போகிறது என்பது வரை கீறுங்கள். பாதியில் தடுக்கும், "இது ஏன் இங்கே இருக்கிறது" என்று கேள்வி வரும். யன்னல் குந்தின் அடியில் ஏன் ஒரு கோடு போலப் பள்ளம் வெட்டியிருக்கிறது? அடிப்பக்கமாக ஒட்டிக்கொண்டு ஓடிவரும் மழைநீர் அந்தப் பள்ளத்தில் அறுந்து கீழே சொட்டும், சுவரை நனைக்காது. இது தெரிந்தவர் அந்தக் குந்தை எடுத்துவிட்டு வேறு ஒன்று வைத்தால் நான் கவனமாகக் கேட்பேன். தெரியாமல் எடுத்தவருடைய சுவரில் இரண்டு மழைக்குள் கறுப்பு வழியும்.

வேலை தொடங்கிவிட்டது. இப்போது மனம் மாறினால் எதை மாற்றலாம்?

நிறம், அலுமாரி, விளக்கு, கதவின் கைப்பிடி, யன்னல் கம்பியின் கோலம், இதெல்லாம் கடைசிக் கிழமையில்கூட மாற்றுங்கள், பிடிக்காவிட்டால் திரும்பவும் மாற்றுங்கள். வித்தியாசமாக ஏதாவது செய்து பார்க்க ஆசையாக இருந்தால் இங்கேதான் செய்யவேண்டும், பிழைத்தாலும் ஒரு நாள் கூலியோடு போகும்.

அத்திவாரம், தூண், படிக்கட்டு, தரைக்குக் கீழே போகும் குழாய், இவற்றில் வேலை தொடங்கிய பிறகு மனம் மாறினால் பாஸிடம் நேரே சொல்லாமல் முதலில் பிளான் கீறியவரிடமும் பொறியியலாளரிடமும் சொல்லுங்கள். குழாயைப் பொறுத்தவரை மண் மூடும் நாளில் நீங்களே போய் நில்லுங்கள். நான்கு அங்குலக் கழிவுக் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று சாய்வு போதும், அதாவது பத்து அடிக்கு மூன்று அங்குலம். ஒரு நீர்மட்டமும் அளவுகோலும் இருந்தால் பத்து நிமிட வேலை. அளந்து பார்த்து, ஒவ்வொரு இணைப்பும் தெரிய ஒரு படமும் எடுத்து வைத்த பிறகு மூடச் சொல்லுங்கள்.